மிச்சம் வைத்தால் அபராதம்

"அய்யய்யோ... அண்ணா!"

அந்த அலறல் கேட்டபோது அறுபது பேர் வாயில் கறி இருந்தது.

அறுபது பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

மத்தியானம் ஒன்று பத்து. மொத்தம் இருபது மேஜை. ஒவ்வொரு மேஜைக்கு நடுவிலும் ஒரு குழி, குழிக்குள் கேஸ் அடுப்பு, அடுப்பின் மேல் வட்ட இரும்புத் தட்டு. தலைக்கு மேலே புகையை உறிஞ்ச ஒரு குழாய். பச்சைக் கறியை நீங்களே எடுத்து வந்து, நீங்களே சுட்டு, நீங்களே தின்ன வேண்டும். வேலையையும் வாங்கிக்கொண்டு காசையும் வாங்கிக்கொள்கிற கடை! பார்பெக்யூ பஃபே என்று பேர் வைத்துவிட்டால் போதும், ஜனம் வரிசையில் நிற்கிறது.

சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு.

'எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள். மிச்சம் வைத்தால் அபராதம்.'

அந்தப் போர்டுக்குக் கீழேதான் ஒன்பதாம் மேஜை.

அந்த மேஜையில்தான் முதலாளி சரிந்து கிடந்தார்.

முகம் ஊதிப் போயிருந்தது. கண் இரண்டும் கோடாகிவிட்டன. வலது கை தொண்டையைப் பிடித்தபடி இருந்தது. அவர் எதிரே தட்டில் நாலு துண்டு கோழி கேட்பாரில்லாமல் கருகிக்கொண்டிருந்தது.

"ஊசி! அவரோட ஊசி எங்கே?" முதலாளியின் மாப்பிள்ளை மூன்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

"டிராயர்ல... டிராயர்லதான் வெச்சிருந்தேன்!" கல்லாவில் இருந்த முதலாளியின் தங்கை டிராயரைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். பில் சுருள், பேனா, ரப்பர் பேண்ட்...

"காணோமே! அய்யோ, காணோமே!"

பக்கத்துக் கட்டடத்து டாக்டர் ஓடி வர ஐந்து நிமிஷம் ஆனது.

முதலாளிக்கு நாலு நிமிஷம்தான் கொடுத்து வைத்திருந்தது.

பதினாலாம் மேஜைக்குப் பக்கத்தில், கையில் இரும்புக் கொக்கியோடு ஓர் ஆள் உறைந்து நின்றிருந்தான். வயசு ஐம்பத்தெட்டு. கரி பிடித்த தட்டைக் கொக்கியால் தூக்கிவிட்டுப் புதுத் தட்டு வைப்பதுதான் அவனுக்கு வேலை. அதனால் பேரும் கொக்கி. சொந்தப் பேர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

கொக்கி யாரையும் நம்பமாட்டான். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தால் தேதியைப் பார்ப்பான். மழை வரும் என்றால் வராது என்பான். வந்தால் எவனோ குழாயைத் திறந்துவிட்டான் என்பான்.

அப்பேர்ப்பட்டவன், டாக்டர் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை உடனே நம்பினான்.

"இறால்."

"என்ன டாக்டர் சொல்றீங்க?" என்றான் மாப்பிள்ளை.

"இவருக்கு இறால் ஒத்துக்காது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் சூப்புல போகப் பார்த்தார். அப்போலேர்ந்துதான் அவசரத்துக்கு அந்த ஊசியைக் கூடவே வெச்சுக்கச் சொன்னேன். அதே வீக்கம், அதே தடிப்பு. பெரிய ஆஸ்பத்திரியில அறுத்துப் பார்த்துச் சொல்லுவாங்க. ஆனா நான் இப்பவே சொல்றேன்... இது இறால்தான். போலீஸுக்குப் போன் பண்ணுங்க."

கொக்கி சட்டென்று பின்கட்டுப் பக்கம் திரும்பினான்.

ஏனென்றால், இந்தக் கடையில் முதலாளிக்கு எல்லாமே தனி. தட்டு தனி, விளிம்பில் மூன்று வெட்டு போட்ட தட்டு. இடுக்கி தனி. எண்ணெய்க் கிண்ணம் தனி. மற்ற மேஜையில் இறால் ஏறி இறங்கிய எதுவும் ஒன்பதாம் மேஜைக்கு வரக் கூடாது. தினமும் ஒரு மணிக்கு அவர் தன் கடைக் கறியைத் தானே சுட்டு ருசி பார்ப்பார்.

அந்த மூன்று வெட்டுத் தட்டைத் தொட்டுக் கழுவ ஒரே ஓர் ஆளுக்குத்தான் அனுமதி.

பின்கட்டில் கழுவு தொட்டியில் நிற்கிற பெண்பிள்ளை.

கொக்கியின் பெண்டாட்டி!

* * *

இன்ஸ்பெக்டர் வந்தார். உயரமான ஆள். வாயில் ஒரு கிராம்பு. கதவைச் சாத்தச் சொன்னார். சாப்பிட வந்தவர்களிடம் பேரும் போன் நம்பரும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

ஒரு தொப்பைக்காரர் மட்டும் நகரவில்லை.

"சார், ரெண்டு மணி நேரத்துக்குப் பணம் கட்டியிருக்கேன். முக்கால் மணி நேரம்தான் ஆச்சு..."

"அந்தா படுத்திருக்காரே, அவர்கிட்ட கேளுங்க. திருப்பித் தருவாரு!"

தொப்பைக்காரர் ஓடியே போனார்.

போலீஸ்காரர்கள் பின்கட்டில் வேலை செய்கிற எல்லாருடைய பையையும் உதறினார்கள். சமையல் மாஸ்டரின் பெட்டியில் இருந்து சீட்டுக்கட்டு விழுந்தது. ஊசி கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் பையைப் பார்த்தார்கள், அதிலும் இல்லை. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்துவிட்டு, மடியில் டிபன் கேரியரைக் கட்டிக்கொண்டு விசும்புகிற கல்லாக்காவை யார் தொந்தரவு செய்வார்கள்?

கடையில் எல்லாருக்கும் அவள் கல்லாக்கா. முப்பது வருஷமாக அதே நாற்காலி. அறுபது வகை சாப்பாடு இருக்கிற கடையில் உட்கார்ந்துகொண்டு வீட்டுச் சோற்றைத்தான் தின்பாள். கேட்டால், "விக்கிற பொருள்ல வாய் வைக்கக் கூடாதுப்பா" என்பாள். எவன் தட்டிலாவது இரண்டு துண்டு மிஞ்சினால் தராசோடு போய் நிற்பவளும் அவள்தான்.

"தட்டைக் கழுவினது யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

மாப்பிள்ளை மெதுவாகப் பின்கட்டைக் காட்டினான்.

"அந்தம்மாதான் சார். போன வாரம் மாமாவுக்கும் அவங்களுக்கும் பெரிய சண்டை. தட்டுல ஒரு கறுப்புப் புள்ளி இருந்துச்சுன்னு மாமா அதைத் தூக்கி அவங்க கால்ல வீசிட்டாரு. எல்லார் முன்னாடியும்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

மாப்பிள்ளை தயங்கினான். கல்லாக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"'ஒரு நாளைக்கு இந்தத் தட்டே உனக்கு எமனா வரும்'னு சொன்னா சார். பாவம், ஏதோ கோவத்துல சொன்னா. அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க... காலையில கூடச் சில்லறை கேட்டுக் கல்லாப் பக்கம் வந்தா. நான்தான் ஒரு நிமிஷம் எழுந்து தண்ணி குடிக்கப் போனேன்..."

"டிராயர் பூட்டலையா?"

"எதுக்குப் பூட்டணும் சார்? எல்லாம் நம்ம ஜனம்தானே!"

கொக்கி கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

போன வாரம் தட்டு வீசப்பட்டபோதும் இதே இடத்தில்தான் நின்றான். கையில் இதே கொக்கி. பெண்டாட்டி அவனைப் பார்த்தாள். அவன் புகைக்குழாயைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை. சோறு போடுவாள், தட்டு மட்டும் 'ணங்' என்று பேசும்.

இன்ஸ்பெக்டர் பின்கட்டுக்குப் போனார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"முதலாளி தட்டுல இறால் எப்படிம்மா வந்துச்சு?"

அவள் ஒரு தடவை கொக்கியைப் பார்த்தாள். அப்புறம் இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் சரியா கழுவாம விட்டிருப்பேன். என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

பாத்திரம் ஒன்று உருண்டு போய் நின்றது.

"ஊசியை எடுத்தது?"

"அது எனக்குத் தெரியாது. தட்டு என் பொறுப்பு. வேற யார்கிட்டயும் ஒண்ணும் கேக்க வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம் திரும்பினார். "லேடீஸ் போலீஸுக்குச் சொல்லு. வண்டி வரட்டும்."

"அரை மணி நேரம் ஆகும் சார். வழியெல்லாம் டிராஃபிக்."

அரை மணி நேரம்!

* * *

கொக்கி குளிர்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு யோசித்தான்.

'கழுவாம விட்டாளாம்! யாருகிட்ட கதை விடறா?'

அவள் தட்டுக் கழுவுவதை அவன் வருஷக்கணக்காகப் பார்க்கிறான். கொதிக்கிற தண்ணீர், இரும்பு நார், மறுபடி கொதிக்கிற தண்ணீர். அப்புறம் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். முதலாளி சொன்ன கறுப்புப் புள்ளி இரும்பின் மச்சம், அழுக்கே இல்லை. அவளாவது கழுவாமல் விடுவதாவது!

அப்படியென்றால் பொய் சொல்கிறாள்.

இல்லையென்றால்... வேண்டுமென்றே செய்திருக்கிறாள்.

'செஞ்சிருப்பாளோ?'

அவனுக்கே அவன் மேல் வெறுப்பு வந்தது. ஆனாலும் அந்த நினைப்பு பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி போக மறுத்தது. ஒரு வாரமாகப் பேசாத பெண்டாட்டி மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இன்றைக்கு நடந்ததை முதலில் இருந்து ஓட்டிப் பார்த்தான்.

ஒரு மணிக்கு முதலாளி உட்கார்ந்தார். தட்டைக் கொண்டு போய் வைத்தது யார்? நான். பளபளவென்று இருந்தது. அடுப்பைப் பற்ற வைத்தது யார்? நான். தட்டில் எண்ணெய் தேய்த்தது...

கொக்கி நிமிர்ந்தான்.

வெங்காயம்!

இந்தக் கடையில் புதுத் தட்டுச் சூடானதும், பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தட்டு முழுக்கத் தேய்ப்பார்கள். அப்போதுதான் கறி ஒட்டாது. முதலாளிக்கு வெங்காயமும் தனி. காலையிலேயே மாஸ்டர் அதைக் குத்தி ஒன்பதாம் மேஜைக் கிண்ணத்தில் நிறுத்திவிடுவார்.

இன்றைக்குத் தேய்க்கும்போது அந்த வெங்காயம் ஏடு ஏடாகக் கழன்று வந்தது. 'எவன்டா வெட்டினது?' என்று கொக்கி மனசுக்குள் திட்டிக்கொண்டே, கழன்ற ஏட்டைக் கொக்கியால் தள்ளிவிட்டான். அது தட்டின் ஓரத்தில் இருந்து கீழே விழுந்தது.

கீழே என்றால்... கொழுப்பு வடிகிற தண்ணீர் டிரே!

ஒன்பதாம் மேஜைக்கு ஓடினான். முதலாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கான்ஸ்டபிள் காவல் நின்றான். அவன் கண், எதிரே இருந்த கோழித் தட்டைத்தான் காவல் காத்தது.

"யோவ், கிட்ட வராதே!"

"அடுப்பு எரிஞ்ச இடம் சார். டிரேல தண்ணி வத்தியிருந்தா கொழுப்புப் பத்திக்கும். அப்புறம் மேஜையோட சேர்ந்து நீங்களும் எரிவீங்க. எனக்கென்ன?"

கான்ஸ்டபிள் இரண்டு அடி தள்ளி நின்றான்.

கொக்கி கிண்ணத்தைப் பார்த்தான். முள்கரண்டி இருந்தது.

வெங்காயம் இல்லை!

யாரோ எடுத்திருக்கிறார்கள். முதலாளி விழுந்த கூச்சலில், எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிஷத்தில்.

டிரேயை வெளியே இழுத்தான். எண்ணெய்ப் படலம் மிதக்கிற கறுப்புத் தண்ணீர். கொக்கியை விட்டுத் துழாவினான். கரித்தூள், கோழித்தோல்...

கடைசியில் வந்தது ஒரு வெங்காய ஏடு. தோணி மாதிரி நீளமாக.

கொக்கி அதை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு நேரே கழுவு தொட்டிக்குப் போனான். பக்கத்தில் காவல் நின்ற போலீஸ்காரன் போனில் யாரோடோ வழக்காடிக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் கழித்துப் பெண்டாட்டியிடம் முதல் வார்த்தை பேசினான்.

"மோந்து பாரு."

அவள் முகத்தைத் திருப்பினாள்.

"அடியே, உசுரு போற நேரத்துல உனக்கு வீம்பா? மோந்து பாருடி!"

மோந்தாள். அவள் மூக்கு அந்தக் கடையின் தராசு. எந்தத் தட்டில் எது வெந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

முகம் வெளுத்துப் போனது.

"இறால் தலை. எண்ணெயில வறுத்து, அந்த எண்ணெயில ஊற வெச்சது. இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"முதலாளி டிரேலேர்ந்து."

அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள். குரல் தாழ்ந்தது.

"யாராவது பாத்தாங்களா? பாக்கறதுக்குள்ள முழுங்கிடுங்க!"

"என்னது?"

"வாயில போட்டு முழுங்குங்க! நான்தான் பழியை ஏத்துக்கிட்டேனே, அப்புறம் எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டு அலையறீங்க?"

கொக்கிக்குப் புரிய மூன்று விநாடி ஆனது. புரிந்ததும் கையில் இருந்த கொக்கி நழுவிவிட்டது.

"ஏய்... நான் செஞ்சேன்னா நினைச்சே?"

"பின்னே? வெங்காயம் தேய்க்கறது நீங்க. தட்டை வீசின அன்னைக்கு ராத்திரி பூரா தூங்காம உக்காந்து கொக்கியைத் தீட்டிக்கிட்டிருந்தீங்க. எனக்காகத்தான் ஏதோ செய்யப் போறீங்கன்னு..."

"துரு புடிச்சிருந்துச்சுடி!"

"துருவா?"

"துருதான்! முப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு என்னைக் கொலைகாரன்னு நினைச்சியே, உனக்கு வெக்கமா இல்லை?"

"நீங்க மட்டும்? குளிர்பெட்டிக்குப் பின்னாடி நின்னு என்னை எப்படிப் பாத்தீங்கன்னு நான் பாக்கலையா? அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா?"

அவன் குனிந்து கொக்கியை எடுத்தான்.

வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம்.

"லேடீஸ் போலீஸ் வந்தாச்சு சார்!"

அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "அடுப்படியில அரிசி களைஞ்சு வெச்சிருக்கேன்" என்றாள், ஏதோ கடைக்குப் போய்விட்டு வருகிற மாதிரி.

போன வாரம் புகைக்குழாயைப் பார்த்தானே, அந்தக் கொக்கி... இன்றைக்கு நேராக இன்ஸ்பெக்டரைப் பார்த்து நடந்தான்.

* * *

"சார்! அவளை விடுங்க. அந்தத் தட்டுல இறாலைத் தேய்ச்சது நான்!"

ஹாலே திரும்பியது. கல்லாக்கா விசும்பலை நிறுத்தினாள்.

"என்னய்யா சொல்றே?" இன்ஸ்பெக்டர் கிராம்பைத் துப்பினார். "ஒரு கொலை, ரெண்டு பேர் ஒப்புக்கறீங்க. பஃபேன்னா இதுலயும் நிறையக் குடுப்பீங்களோ?"

"தேய்ச்சது நான். தெரியாமத் தேய்ச்சேன். எவனோ மாஸ்டர் குத்தி வெச்ச வெங்காயத்தை எடுத்துட்டு, இறால் எண்ணெயில ஊறப் போட்டதை அந்த முள்கரண்டியில மாட்டிட்டான். இந்தாங்க, மோந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் மோந்தார். புருவம் ஏறியது.

"எவன் மாட்டினான்?"

கொக்கியின் விரல் மாப்பிள்ளையை நோக்கி நீண்டது.

"இவருதான்! நேத்து முதலாளி இவர்கிட்ட, 'நாளைக்குச் சாப்பிட்டுட்டு உன் விஷயத்தைப் பேசிக்கறேன்'னு சொன்னதை என் காதால கேட்டேன்."

"யோவ் கொக்கி! அது..." மாப்பிள்ளை பாய்ந்து வந்தான். கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டான்.

"சார், ஒரே ஒரு காரியம் பண்ணுங்க," என்றான் கொக்கி. "எல்லார் கையிலயும் ஒரு கத்தியும் ஒரு வெங்காயமும் குடுங்க. ரெண்டா வெட்டச் சொல்லுங்க. ஏன்னு கேக்காதீங்க. இப்ப சொன்னா எல்லாரும் உஷாராயிடுவாங்க."

"கொலைக்கேசு நடக்குதா, கல்யாண வீட்டுச் சமையல் நடக்குதா?"

"ரெண்டு நிமிஷம் சார். தப்பாப் போச்சுன்னா என்னையும் சேர்த்து வண்டியில ஏத்துங்க."

இன்ஸ்பெக்டர் அவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "கொண்டாங்கடா வெங்காயத்தை!"

மாஸ்டர் வெட்டினார். அவர் கத்தி குறுக்கே போனது. வேரில் கை வைக்கவில்லை. அடிப்பக்கத்துப் பாதி கிண்ணம் மாதிரி கெட்டியாக நின்றது.

சாலட் வெட்டுகிறவள் வெட்டினாள். குறுக்கே.

பரிமாறுகிற இரண்டு பேரும் வெட்டினார்கள். குறுக்கே.

மாப்பிள்ளையின் முறை. கொக்கி ஓர் அடி முன்னால் வந்தான்.

மாப்பிள்ளை கத்தியை வாங்கி, 'சரக்'.

குறுக்கே!

வேர் வேராகவே இருந்தது.

"கொக்கி இங்க சேர்றதுக்கு முந்தியே, கல்யாணமான புதுசுல ஆறு மாசம் மாமா என்னைப் பின்கட்டுலதான் நிக்க வெச்சாரு," என்றான் மாப்பிள்ளை. கண் கலங்கியிருந்தது. "நேத்துப் பேசறேன்னு சொன்னதும் என்னை விரட்டறதுக்கு இல்ல. இந்த மாசத்துலேர்ந்து கல்லாவை நீ பாத்துக்கோன்னு சொல்லத்தான்..."

கொக்கியின் முகம் செத்துப்போனது. வாசலில் பெண் போலீஸ் இருவர் அவன் பெண்டாட்டியின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

"முடிஞ்சுதா பெரியவரே உங்க வித்தை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னப்பா இது கூத்து!" கல்லாக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கையால் டிபன் கேரியரை அணைத்தபடி எழுந்து வந்தாள். "எங்க அண்ணன் உடம்பு இன்னும் ஆறலை, இங்க வெங்காயம் வெட்டி விளையாடறீங்களா? குடு இப்படி. நானும் வெட்டித் தொலைக்கிறேன், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்!"

கேரியரைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டாள். கத்தியை எடுத்தாள்.

முதலில் தலையைக் கிள்ளினாள்.

அப்புறம் வேரை நறுக்கினாள்.

அப்புறம்... நெடுக்காக ஒரே வெட்டு!

பாதி வெங்காயம் பலகையில் விழுந்து ஏடு ஏடாகப் பிரிந்தது. ஒவ்வொரு ஏடும் தோணி மாதிரி.

கொக்கி கையில் இருந்த ஏட்டை அதற்குப் பக்கத்தில் வைத்தான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து இரண்டையும் பார்த்தார்.

"இந்தக் கடையில எவனும் வெங்காயத்தை இப்படி வெட்டமாட்டான் சார்," என்றான் கொக்கி. "வேரை எடுத்துட்டா முள்கரண்டியில நிக்காது. தேய்க்கும்போது கழண்டுடும். இங்க முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்கே அதைத்தான் சொல்லிக் குடுப்போம். பின்கட்டுக்கே வராதவங்களுக்குத்தான் அது தெரியாது."

கல்லாக்கா சிரித்தாள். கண்ணீர் காய்ந்த முகத்தில் அந்தச் சிரிப்பு பார்க்கச் சகிக்கவில்லை.

"அட பைத்தியமே! உலகத்துல வீட்டுல சமைக்கிற பொம்பளைங்க எல்லாரும் இப்படித்தான் வெட்டுவாங்க. எல்லாரையும் புடிச்சு உள்ள போடுவியா?"

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "அந்தம்மா சொல்றது சரிதானே? இது சாட்சிக்கு நிக்காதே."

கொக்கி எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் கண்ணை ஓட்டினான். கத்தி... பலகை... வெங்காயம்...

கல்லாக்காவின் கால் இடுக்கு.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அண்ணன் போன துக்கத்துல செருப்பைக் கூட எங்கயோ விட்டுட்டீங்க. கேரியரை மட்டும் மத்தியானத்துலேர்ந்து கீழ வைக்கவே இல்லையே. அதுல என்ன இருக்கு?"

"சோறு! வேற என்ன இருக்கும்?"

"தெறங்க."

"தெறக்கமாட்டேன். நீ யாருடா என் சோத்துல கை வைக்கறதுக்கு?"

"நான் வைக்கறேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பெண் போலீஸ் கேரியரைப் பிடுங்கினாள். பக்கத்துப் பிடியைக் கழற்றியதும் மூன்று அடுக்கும் பிரிந்தன.

முதல் அடுக்கில் சோறு.

கடைசி அடுக்கில், கைக்குட்டையில் சுற்றிய ஊசி.

நடு அடுக்கில் இரண்டு பாதி வெங்காயம். ஒன்று வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்று எண்ணெயில் கறுத்து, மேல் ஏடு கழன்று, முதுகில் முள்கரண்டி குத்திய நாலு ஓட்டையோடு கிடந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டையும் கைக்குட்டையால் எடுத்துச் சேர்த்துப் பிடித்தார்.

ஒரே வெங்காயம்!

"கறுத்த பாதியை மறைக்கணும்னு உள்ள வெச்சீங்க, சரி. இந்த வெள்ளைப் பாதி எதுக்கும்மா?"

கல்லாக்கா நாற்காலியில் சரிந்தாள். அந்த வெள்ளைப் பாதியையே பார்த்தபடி சொன்னாள்.

"வீட்டுல வெட்டினேன். ஒரு பாதிதான் தேவைப்பட்டுச்சு. இன்னொரு பாதி நல்லா இருந்துச்சு... சோத்துக்குத் தொட்டுக்கலாமேன்னு..."

கையை நீட்டி அந்தப் பாதியைத் தொடப் போனாள்.

"தூக்கிப் போட மனசு வரலை."

மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டான். "ஏன் அத்தை? மாமா உங்களுக்கு என்ன குறை வெச்சாரு?"

"என்ன வெச்சான்? எனக்கு மூணு வரன் வந்துச்சு. கல்லாவுக்கு ஆள் இல்லைன்னு மூணையும் தட்டி விட்டான். முப்பது வருஷம் அந்த நாற்காலிதான் எனக்குப் புருஷன், புள்ள எல்லாம். நேத்துச் சொல்றான், 'இந்த மாசத்துலேர்ந்து கல்லாவுல மாப்பிள்ளை உக்காரட்டும். நீ வீட்டுல கெட.' முப்பது வருஷத்தை ஒரே வார்த்தையில துடைச்சுட்டான்!"

அவள் அழவில்லை. அழுததெல்லாம் மத்தியானமே தீர்ந்துவிட்டது.

"அதுக்கு இவ தலையில கை வைப்பியாக்கா?" என்றான் கொக்கி.

"அவளுக்கு நீ இருக்கேன்னு நினைச்சேனா? தட்டை வீசின அன்னைக்கு நீ நின்ன நிலையைப் பாத்தேனே!"

கொக்கி தலையைக் குனிந்துகொண்டான். அந்த அடி சரியான இடத்தில்தான் விழுந்தது.

பெண் போலீஸ் கல்லாக்காவை எழுப்பினார்கள். சிவப்புப் போர்டைத் தாண்டும்போது அவள் கால் தானாக நின்றது.

இன்ஸ்பெக்டர் அதை ஒரு தடவை படித்தார்.

"வாங்கம்மா. எங்க இடத்துலயும் வேளாவேளைக்குச் சோறு உண்டு. ஆனா யாரும் மிச்சம் வைக்காம சாப்பிட்டதா சரித்திரமே இல்லை!"

* * *

வண்டி போய்விட்டது. கடை காலி. இருபது அடுப்பும் அணைந்து கிடந்தன.

பின்கட்டில், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் கொக்கி உட்கார்ந்திருந்தான். காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் படவில்லை.

பெண்டாட்டி ஒரு தட்டில் சோறு போட்டு, ஓரத்தில் நாலு துண்டு வெங்காயம் வைத்து, அவன் முன்னால் வைத்தாள். தட்டு 'ணங்' என்று பேசவில்லை. மெதுவாகத்தான் வைத்தாள்.

"அன்னைக்கு வாயைத் திறக்கலை," என்றாள். "இன்னைக்காவது திறந்தீங்களே."

"ம்."

"வண்டியில ஏத்துங்கன்னு சொன்னீங்களே, நிஜமாவே ஏத்தியிருந்தா?"

"ஒரே வண்டிதானே. வழியிலயாவது என்னோட பேசியிருப்பே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

கொக்கி ஒரு துண்டு வெங்காயத்தை எடுத்தான். வாய்க்குக் கொண்டு போன கை பாதி வழியில் நின்றது. மூக்கு தானாக அதன் பக்கம் சாய்ந்தது. யாரையும் நம்பாத பழக்கம், அவன் என்ன செய்வான்?

அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"குறுக்காதான் வெட்டியிருக்கேன்... பயப்படாம சாப்பிடுங்க!"